சுற்றுகளின் கணக்கு

கோடைக்காலத்து இரவு. தெரு முழுவதும் திடீரென இருளில் மூழ்குகிறது. மின்விசிறிகள் ஓய்ந்து நிற்க, மக்கள் ஒவ்வொருவராக வாயிலுக்கு வருகின்றனர். தில்லியோ மும்பையோ பெங்களூரோ, எந்நகராயினும் சற்று நேரத்தில் பரவும் செய்தி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "டிரான்ஸ்பார்மர் போய்விட்டது." தெருமுனையில் கம்பி வேலிக்குள் நிற்கும் அந்தச் சாம்பல் நிற இரும்புப் பெட்டியை அதுவரை எவரும் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார். செயலிழந்த பின்னரே அப்படியொன்று அங்கு நின்றது என்பது நினைவுக்கு வருகிறது.

தமிழில் அக்கருவிக்கு மின்மாற்றி என்று பெயர். பொருத்தமான பெயர்தான், எனினும் அது எதை மாற்றுகிறது என்பதில் பலருக்கும் மயக்கம் உண்டு. மின்மாற்றி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. சிறிதளவு மின்சாரத்தைப் பெற்றுப் பெரிதாகப் பெருக்கித் தருவதும் இல்லை. ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, நூறு ரூபாய்த் தாள்கள் ஐந்தைச் சில்லறையாகத் தரும் கடைக்காரரைப் போன்றது அது. தாள்களின் எண்ணிக்கை மாறுகிறது; பணத்தின் மதிப்பு மாறுவதில்லை. ஒன்றுக்கு எத்தனை என்பதை முடிவு செய்வது, அப்பெட்டிக்குள் கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டுள்ளது என்னும் எண்ணிக்கையே.

தொடாத இரு சுருள்கள்

மின்மாற்றியின் உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. மின்சாரம் வந்து நுழையும் சுருள் முதன்மைச் சுருள் எனப்படும். மின்சாரம் வெளியேறும் சுருள் துணைச் சுருள் எனப்படும். இரண்டும் ஒரே இரும்பு உள்ளகத்தின்மீது சுற்றப்பட்டிருந்தாலும், ஒன்றின் கம்பி மற்றொன்றின் கம்பியோடு எவ்விடத்திலும் இணைக்கப்படவில்லை. அவ்வாறாயின் இந்தப் பக்கத்து மின்சாரம் அந்தப் பக்கம் செல்வது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் இலண்டனில் கிடைத்தது. மைக்கேல் பேரடே என்னும் அறிவியலாளர் இரும்பு வளையம் ஒன்றை எடுத்து, அதன் ஒரு பாதியில் ஒரு சுருளையும் மறுபாதியில் வேறொரு சுருளையும் சுற்றினார். கம்பிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதிருக்க, இடையிடையே நூலையும் துணியையும் வைத்தார். முதல் சுருளை மின்கலத்தோடு இணைத்தார். இரண்டாம் சுருளின் கம்பி காந்த ஊசி ஒன்றின் அருகே சென்றது. முதல் சுருளில் மின்சாரம் பாயத் தொடங்கிய நொடியில் ஊசி ஆடியது; பின்னர் அமைதியடைந்தது. மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தும் ஊசி அசையவில்லை. மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்த நொடியில் ஊசி மீண்டும் ஆடியது, இம்முறை எதிர்த்திசையில்.

ஊசி ஆடியதைக் காட்டிலும் அது இடையில் ஆடாமல் நின்றதே கவனிக்கத்தக்கது. இரண்டாம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுவது காந்தம் இருப்பது அன்று, காந்தம் மாறுவதே. மின்சாரம் பாயும் சுருள் இரும்பைக் காந்தமாக்குகிறது. அக்காந்தத்தின் வலிமை ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் அவ்விரும்பைச் சூழ்ந்துள்ள ஒவ்வொரு கம்பிச் சுற்றிலும் மின்னழுத்தம் தோன்றுகிறது. இதனை மின்காந்தத் தூண்டல் என்பர்.

இந்திய வீடுகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைந்து திசை மாறுவது. ஆகவே அது மாறுதிசை மின்னோட்டம் எனப்படுகிறது. பேரடே கையால் இணைத்தும் துண்டித்தும் செய்ததை, மாறுதிசை மின்னோட்டம் தானாகவே ஓயாது செய்கிறது. மின்மாற்றியின் அருகே கேட்கும் "உம்ம்ம்" என்னும் முனகலுக்கும் இதுவே காரணம். காந்தமாகும்போது இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் உருமாறி மீள்கிறது. ஓர் அலைவுக்கு இருமுறை இவ்வாறு நிகழ்வதால், உள்ளகம் நொடிக்கு 100 முறை அதிர்கிறது. அவ்வதிர்வே அந்த ஒலி.

மின்கலத்திலிருந்து வருவது நேர்திசை மின்னோட்டம். அதில் மாற்றம் இல்லை. ஆதலால் மின்மாற்றியின் மறுபக்கத்தில் ஏதும் கிடைப்பதில்லை. கிடைக்காததோடு நில்லாமல், முதன்மைச் சுருள் சூடேறிக் கருகிவிடவும் கூடும். அதற்குரிய காரணம் பின்னர் விளங்கும்.

ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று?

பழுதான மின்னோடிகளுக்கும் மின்மாற்றிகளுக்கும் புதிதாகக் கம்பி சுற்றித் தரும் பட்டறைகள் ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் இத்தொழிலைக் "காயில் கட்டுதல்" என்பர். அப்பட்டறையில் வேலை செய்பவர் சூத்திரம் எதையும் எழுதிப் பார்ப்பதில்லை. அவர் கேட்கும் முதற்கேள்வி, "ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று?" என்பதே. மின்மாற்றியின் முழுக் கணக்கும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

இரும்பு உள்ளகத்தில் மாறிக்கொண்டிருக்கும் காந்தம், அதனைச் சுற்றியுள்ள எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவானது. முதன்மைச் சுருளின் ஒரு சுற்றுக்கு எவ்வளவு வோல்ட் கிடைக்கிறதோ, துணைச் சுருளின் ஒரு சுற்றுக்கும் அவ்வளவே கிடைக்கும். ஒரு சிறிய மின்மாற்றியில் நான்கு சுற்றுக்கு ஒரு வோல்ட் என்று கொள்ளலாம். 230 வோல்ட் பெறவேண்டிய முதன்மைச் சுருளுக்கு 230ஐ நான்கால் பெருக்க, 920 சுற்றுகள் வேண்டும். துணைச் சுருளில் 12 வோல்ட் கிடைக்க 48 சுற்றுகள் போதும். 24 வோல்ட் வேண்டுமாயின் 96 சுற்றுகள். 460 வோல்ட் வேண்டுமென்றால் 1,840 சுற்றுகள். உள்ளே வருவதைவிட வெளியே குறைந்த மின்னழுத்தம் தருவதை இறக்கு மின்மாற்றி என்றும், மிகுந்த மின்னழுத்தம் தருவதை ஏற்று மின்மாற்றி என்றும் வழங்குவர். இரண்டும் வேறு வேறு கருவிகள் அல்ல. எந்தச் சுருளில் சுற்று மிகுதி என்பதே வேறுபாடு.

உள்ளகம் பருத்தால் அதில் அடங்கும் காந்தப் பாயமும் மிகும். அப்போது ஒரு வோல்ட்டுக்கு வேண்டிய சுற்றுகள் குறையும். காந்தம் விரைவாக மாறினாலும் அவ்வாறே குறையும். கைப்பேசிக்கு மின்னேற்றும் சார்ஜரின் உள்ளேயும் ஒரு மின்மாற்றி உண்டு. அதற்குள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும்படி செய்யப்படுவதால், சிறிய உள்ளகமும் சில சுற்றுகளுமே போதுமானவையாகின்றன. முன்னாளில் செங்கல்போல் கனத்த கருவி இன்று உள்ளங்கையில் அடங்குவது இதனால்தான்.

மின்னோட்டத்தை முடிவு செய்வது யார்?

மின்னழுத்தத்தைச் சுற்றுகள் முடிவு செய்கின்றன என்பது தெளிவு. மின்னோட்டத்தின் கதை சற்று நுட்பமானது. "12 வோல்ட், 5 ஆம்பியர்" என்று ஒரு மின்மாற்றியின்மீது எழுதியிருந்தால், அதனோடு எதை இணைத்தாலும் 5 ஆம்பியரை அதனுள் திணித்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. 5 ஆம்பியர் என்பது தாங்கும் எல்லை. இணைக்கப்பட்ட கருவி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே பாயும். சிறு விளக்கு ஒன்றை இணைத்தால் அரை ஆம்பியர் பாயலாம். பெரிய விளக்கை இணைத்தால் நான்கு ஆம்பியர் பாயலாம். ஏதும் இணைக்கப்படாவிடில் துணைச் சுருளில் சிறிதளவும் பாயாது.

இங்கு ஒரு வியப்பு உண்டு. துணைச் சுருளில் ஏதும் பாயாதபோது, முதன்மைச் சுருள் 230 வோல்ட்டோடு இணைந்தே இருந்தும் மிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே கொள்கிறது. மறுபக்கத்தில் ஒருவர் விளக்கை ஏற்றினார் என்பது, கம்பித் தொடர்பே இல்லாத முதன்மைச் சுருளுக்கு எவ்வாறு தெரிகிறது?

மாறும் காந்தம் துணைச் சுருளில் மட்டுமன்றி, தன்னை உண்டாக்கிய முதன்மைச் சுருளிலும் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அது உள்ளே வரும் மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. ஏறக்குறைய சம வலிமையுள்ள இருவர் ஒரு கதவை இருபுறமும் தள்ளினால் கதவு அசையாதிருப்பதுபோல, முதன்மைச் சுருளிலும் மிகச் சிறிதே பாய்கிறது. நேர்திசை மின்னோட்டத்தில் காந்தம் மாறாததால் இந்த எதிர்ப்பு எழுவதில்லை. தடுப்பார் இல்லாமல் மின்னோட்டம் பெருகிச் சுருளைக் கருக்குவது அதனால்தான்.

துணைச் சுருளோடு விளக்கை இணைத்ததும் அதில் மின்னோட்டம் பாய்கிறது. அதுவும் உள்ளகத்தில் ஒரு காந்த விளைவை உண்டாக்குகிறது, ஆனால் முதற்காந்தத்தை எதிர்க்கும் வகையில். காந்தம் தளர முற்படும்போது எதிர்த்து நிற்கும் மின்னழுத்தமும் தளர்கிறது. உடனே முதன்மைச் சுருளுக்குள் கூடுதல் மின்னோட்டம் நுழைந்து, இழந்த காந்தத்தை ஈடுசெய்கிறது. ஒருபக்கம் எவ்வளவு கேட்கப்படுகிறதோ, அதற்கேற்ப மறுபக்கம் பெற்றுக்கொள்கிறது.

ஈடு எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம். துணைச் சுருளில் 48 சுற்றுகள், 5 ஆம்பியர்: பெருக்கினால் 240. முதன்மைச் சுருளிலும் இதே 240 வரவேண்டும். அங்கு 920 சுற்றுகள் இருப்பதால் 0.26 ஆம்பியரே போதும். இப்போது திறனைப் பார்க்கலாம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கக் கிடைப்பது திறன். அதன் அலகு வாட். வெளியே 12 வோல்ட்டும் 5 ஆம்பியரும் சேர்ந்து 60 வாட். உள்ளே 230 வோல்ட்டும் 0.26 ஆம்பியரும் சேர்ந்தும் ஏறத்தாழ 60 வாட். சில்லறை சரியாக உள்ளது. கடைக்காரர் சிறு தரகு எடுத்துக்கொள்வதுபோல, கம்பியின் சூட்டிலும் இரும்பின் சூட்டிலும் சிறிதளவு இழப்பு மட்டும் உண்டு. இரும்பில் ஏற்படும் இழப்பைக் குறைக்கவே உள்ளகத்தை ஒரே கட்டியாக வார்க்காமல், மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்கின்றனர்.

இக்கணக்கின் விளைவைக் கண்ணாலேயே காணலாம். சுற்று மிகுந்த சுருளில் கம்பி மெல்லியதாகவும், சுற்று குறைந்த சுருளில் கம்பி பருத்தும் இருக்கும். இரும்பை ஒட்டவைக்கும் வெல்டிங் பட்டறையில் இது நன்கு புலப்படும். அங்குள்ள மின்மாற்றியின் துணைச் சுருளில் பருத்த கம்பி சில சுற்றுகளே சுற்றப்பட்டிருக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் நூறு ஆம்பியருக்கும் மேல் பாய்ந்து இரும்பையே உருக்கிவிடும். பெட்ரோலில் ஓடும் ஸ்கூட்டரின் உள்ளே இதற்கு நேர்மாறான சுருள் இருக்கிறது. 12 வோல்ட் மின்கலத்தின் மின்னோட்டத்தைத் திடீர் திடீரெனத் துண்டித்து, பல்லாயிரம் மெல்லிய சுற்றுகளில் பல்லாயிரம் வோல்ட்டைத் தூண்டி, எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியை அது உண்டாக்குகிறது.

தெருமுனை மின்மாற்றியிலும் இதனை வேலிக்கு வெளியே நின்றவாறே காணலாம். அதன் ஒரு பக்கத்தில் உயரமான பீங்கான் குமிழ்கள் மூன்று நிற்கும். அவற்றில் மெல்லிய கம்பிகள் வந்து சேரும். மறுபக்கத்தில் குட்டையான குமிழ்கள் நான்கு இருக்கும். அவற்றிலிருந்து பருத்த கம்பிகள் இறங்கும். குமிழின் உயரம் மின்னழுத்தத்தைச் சொல்கிறது. கம்பியின் பருமன் மின்னோட்டத்தைச் சொல்கிறது. 100 கேவிஏ திறனுள்ள மின்மாற்றி ஒன்றின் பெயர்த்தகட்டில், ஒருபுறம் 11,000 வோல்ட், 5.25 ஆம்பியர் என்றும், மறுபுறம் 433 வோல்ட், 133.3 ஆம்பியர் என்றும் பொறிக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் 25 மடங்கு இறங்க, மின்னோட்டம் 25 மடங்கு ஏறியிருக்கிறது. இந்த 433 வோல்ட் என்பது வெளியேறும் மின்கம்பிகளில் இரண்டுக்கு இடைப்பட்டது. அவற்றுள் ஒன்றுக்கும் நியூட்ரல் எனப்படும் நடுநிலைக் கம்பிக்கும் இடையில் இருப்பது 250 வோல்ட். தெருவைக் கடந்து வீட்டை அடைவதற்குள் அது ஏறத்தாழ 230 ஆகிறது.

காவிரியிலிருந்து தங்கவயலுக்கு

வீட்டுக்கு வேண்டியது 230 வோல்ட்தான் என்றால், மின்நிலையத்திலேயே அதனை உண்டாக்கி அனுப்பிவிடலாமே, 11,000 வரை ஏற்றி மீண்டும் இறக்குவானேன் என்ற கேள்வி எழும். இதற்கான விடையை இந்தியா மிக முன்பே செயலில் காட்டியுள்ளது.

மைசூர் நாட்டின் கோலார் தங்கவயலில் பொன்தேடிப் பூமியைக் குடைந்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள். தலைமுறைகள் பல கடந்தும் அவ்வூரில் தமிழ் ஒலிக்கிறது. சுரங்கம் ஆழமாக ஆக, பாறையை மேலேற்றவும் நொறுக்கவும் நீரை இறைக்கவும் எந்திரங்களின் தேவை மிகுந்தது. நீராவி எந்திரங்களுக்கு எரிபொருளை வண்டி வண்டியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. மறுபுறம் சிவசமுத்திரத்தில் காவிரி பேரருவியாக வீழ்ந்துகொண்டிருந்தது. ஆனால் அருவிக்கும் சுரங்கத்திற்கும் இடையே ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரின் திவானாக விளங்கிய சேஷாத்ரி ஐயரின் காலத்தில், அருவி நீரால் மின்சாரம் உண்டாக்கி அதனைக் கம்பிவழியே தங்கவயலுக்கு அனுப்பும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த மூன்று பொறியாளர்கள், மூடிய இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றியைச் செய்துகாட்டியது 1885இல்தான். கருவி தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் இத்துணை நெடுந்தொலைவுக்கு மின்சாரம் அனுப்புவது துணிவான செயலே. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் கோலாரைச் சென்றடைந்தது. அத்திட்டத்தை முன்னெடுத்த திவான் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். மாநிலத்தின் பெருநகரான பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். சுரங்கத் தொழிலாளரின் ஊர் அதனை முந்திக்கொண்டது.

இத்தொலைவைக் கடக்க மின்சாரம் ஏறத்தாழ 30,000 வோல்ட்டுக்கு ஏற்றப்பட்டது. அதற்கான தேவையை எளிய கணக்கொன்று விளக்கும். மூன்று கம்பிகளில் செல்லும் மின்சாரத்தை ஒரே சுற்றுவழியாகவும், அக்கம்பியின் மொத்த மின்தடையை 20 ஓம் என்றும் கொள்வோமாயின், 3,000 கிலோவாட் திறனை 30,000 வோல்ட்டில் அனுப்ப 100 ஆம்பியர் பாயவேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கக் கிடைப்பது. அது 200 கிலோவாட் ஆகும். மூவாயிரத்தில் இருநூறு போனாலும் எஞ்சியது சுரங்கத்தைச் சேரும்.

அதே திறனை 2,000 வோல்ட்டில் அனுப்புவதாக வைத்துக்கொண்டால் மின்னோட்டம் 1,500 ஆம்பியர். மின்னோட்டம் 15 மடங்கு பெருக, இழப்பு 15இன் வர்க்கமாகிய 225 மடங்கு பெருகி 45,000 கிலோவாட் ஆகிறது. அனுப்புவதோ 3,000, வழியில் இழப்பதோ 45,000! இது நடவாத கணக்கு. அதாவது, அம்மின்சாரம் கோலாரைச் சென்றடையவே முடியாது. கம்பியை 225 மடங்கு பருக்கச் செய்தால் முடியும். ஆனால் அவ்வளவு செம்பு வாங்குவதைவிடச் சுரங்கத்தை மூடிவிடுவது மலிவாக இருந்திருக்கும். மின்னழுத்தத்தை ஏற்றிய ஒரு சுருளும், கோலாரில் அதனை மீண்டும் இறக்கிய மற்றொரு சுருளும் இச்சிக்கலைத் தீர்த்தன. இன்று 4,00,000 வோல்ட்டிலும் 7,65,000 வோல்ட்டிலும் இந்தியாவின் மாநிலங்களைக் கடந்து செல்லும் மின்தடங்கள் பின்பற்றுவது இதே கணக்கைத்தான். அருவியில் விழுந்து சுழலிகளைச் சுழற்றிய நீரோ, தன் வழியே தமிழ்நாட்டை நோக்கிச் சென்றது.

மும்பையின் மின்தொடர்வண்டி இதற்கு மற்றொரு சான்று. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்தொடர்வண்டி ஓடியது. அதற்கு அளிக்கப்பட்டது 1,500 வோல்ட் நேர்திசை மின்னோட்டம். நேர்திசை மின்னோட்டத்தை மின்மாற்றியால் மாற்ற இயலாது. ஆதலால் மேல்கம்பியிலும் அதே குறைந்த மின்னழுத்தத்தையே வைக்க வேண்டியிருந்தது. 3,000 கிலோவாட் கொள்ளும் வண்டி ஒன்று 1,500 வோல்ட்டில் 2,000 ஆம்பியரைக் கம்பியிலிருந்து உறிஞ்சும். வண்டிகள் பெருகப் பெருகக் கம்பியால் தாங்க முடியாமற் போயிற்று. 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டமாயின் அதே வண்டிக்கு 120 ஆம்பியரே போதும். கம்பியில் உயர்ந்த மின்னழுத்தத்தை வைத்து, அதனை இறக்கும் மின்மாற்றியை வண்டியிலேயே ஏற்றிவிட்டனர். மும்பைப் புறநகர்த் தடங்கள் யாவும் இவ்வாறு மாறிமுடிந்தது 2016இல்.

ஒரே ஒரு சுற்று

கோடை இரவில் தெருமுனை மின்மாற்றி கருகுவதற்கும் சுற்றுகளின் கணக்கே விளக்கம் தருகிறது. எல்லா வீட்டிலும் குளிரூட்டிகள் ஒரே நேரத்தில் ஓடும்போது துணைச் சுருள் தன் எல்லையை மீறிய மின்னோட்டத்தைத் தரவேண்டியிருக்கிறது. முதன்மைச் சுருளும் அதற்கேற்பக் கூடுதலாகப் பெற்றுக்கொள்கிறது. கம்பிகள் சூடேறுகின்றன. பெட்டிக்குள் நிரப்பப்பட்டுள்ள எண்ணெய் அச்சூட்டை வாங்கி, வெளிப்புறக் குழாய்களின் வழியே காற்றுக்குக் கொடுக்கிறது. இரவிலும் வெப்பம் தணியாத ஊர்களில் காற்றும் சுடுவதால் எண்ணெய் ஆறுவதில்லை. கம்பிகளைப் பிரித்துவைக்கும் காகிதம் நாளடைவில் முறுகி, ஓரிடத்தில் பொடிந்துபோகிறது. அடுத்தடுத்த இரு சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன.

நூற்றுக்கணக்கான சுற்றுகளில் ஒன்று கெட்டால் என்ன பெரிய தீங்கு என்று தோன்றலாம். ஆனால் இரு முனைகளும் தொட்டுக்கொண்ட அந்த ஒரு சுற்று, தானே ஒரு துணைச் சுருளாகிவிடுகிறது. முன்னர்க் கண்ட சிறிய மின்மாற்றியையே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சுற்றுக்குரிய மின்னழுத்தம் கால் வோல்ட். ஒரு சுற்றுக் கம்பியின் மின்தடை 0.03 ஓம் எனக் கொண்டால், அதில் பாய்வது 8 ஆம்பியருக்கும் மேல். 0.26 ஆம்பியருக்காகத் தேர்ந்த மெல்லிய கம்பி அது. மின்னோட்டம் முப்பது மடங்கைக் கடக்க, வெப்பமோ ஆயிரம் மடங்கை நெருங்குகிறது. அருகிலுள்ள சுற்றும் கருகுகிறது, பின் அதற்கடுத்தது. தெருமுனைப் பெட்டியில் இது பெரிய அளவில் நிகழும்போது எண்ணெய் கொதித்துப் பொங்குகிறது. "காயில்" கட்டுபவர் ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே காகிதம் வைத்து, கம்பியின்மேல் பூசிய எனாமலில் ஒரு கீறலும் விழாதபடி விரல்களால் வழிநடத்திச் சுற்றுவது வீண் நுணுக்கம் அன்று.

எதிர்வழியில்

இனி, மின்மாற்றியின் இயல்புகளில் மிகக் கொடியது ஒன்று எஞ்சியுள்ளது. எந்தச் சுருள் முதன்மை, எந்தச் சுருள் துணை என்பது மனிதர் இட்ட பெயர். சுருள்களுக்கு அது தெரியாது. எந்தப் பக்கத்தில் மின்சாரம் நுழைந்தாலும் மறுபக்கத்தில் அது வெளிப்படும்.

மின்தடையின்போது சில வீடுகளிலும் கடைகளிலும் ஜெனரேட்டர் ஓடுகிறது. அதனை முறைப்படி இணைப்பவர்கள், தெருவின் மின்சாரம் அல்லது ஜெனரேட்டரின் மின்சாரம் என ஏதேனும் ஒன்று மட்டுமே வீட்டுக்குள் வரும்படியான மாற்று விசையைப் பொருத்துவர். மக்கள் இதனைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்பர். செலவைக் கருதியோ அவசரத்தாலோ அதனைத் தவிர்த்து, ஜெனரேட்டரின் கம்பியை நேரே வீட்டின் மின்செருகியில் சேர்த்துவிடுவோரும் உண்டு. விளக்கு எரிகிறது, அவ்வீட்டாருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த 230 வோல்ட் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. மீட்டரைக் கடந்து, தெருக்கம்பி வழியே, முனையில் நிற்கும் மின்மாற்றியின் பருத்த சுருளுக்குள் நுழைகிறது. அச்சுருளைப்போல் மெல்லிய சுருளில் 44 மடங்கு சுற்றுகள் உள்ளன. 230ஐ 44ஆல் பெருக்கினால் 10,120. இறக்கு மின்மாற்றி அந்நொடியில் ஏற்று மின்மாற்றியாகிவிடுகிறது. மின்சாரம் நிறுத்தப்பட்டதாக எல்லோரும் நம்பியிருக்கும் மேல்கம்பியில் பத்தாயிரம் வோல்ட் ஏறிநிற்கக்கூடும்.

அக்கம்பியைச் சீர்செய்ய ஒருவர் கம்பத்தின்மீது ஏறியிருப்பார். லைன்மேன் என்று ஊரார் அழைக்கும் அப்பணியாளர், துணைமின்நிலையத்தில் விசையை நிறுத்திய பின்னரே வந்திருப்பார். இருப்பினும் பயிற்சி பெற்றவர் உடனே கம்பியைத் தொடுவதில்லை. முதலில் அதில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் ஆய்ந்து பார்ப்பார். பின்னர் நீண்ட காப்பிட்ட கழியின் முனையிலுள்ள கொக்கியை மூன்று கம்பிகளிலும் ஒவ்வொன்றாக மாட்டுவார். கொக்கியிலிருந்து இறங்கும் பருத்த செம்புக் கம்பியின் மறுமுனை, எர்த் எனப்படும் நிலத்தொடர்புக் கம்பியோடு முன்னரே இணைக்கப்பட்டிருக்கும். இனி எந்த வீட்டிலிருந்து எதிர்வழியில் மின்சாரம் ஏறிவந்தாலும், அவரைத் தீண்டாமல் அச்செம்பின் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். அதன் பிறகே அவர் குறடை எடுக்கிறார்.